ஆயிரத்து ஐந்நூறு முட்டைகள், நிலை மாறாமல்

முட்டைக்கெல்லாம் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்குவார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், போய் உருப்படியான வேலையைப் பார் என்று அடைக்கோழி விரட்டியிருப்பாள். அடைக்கோழி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். இருபத்தொரு நாளும் மெஷினை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொள்வாள். நாத்தனார் கூப்பிட்டால் மட்டும் சுருக்கென்று வரும், ஏனென்றால் பெயர் வைத்த புண்ணியவதி அவள்தான்.

தொழில் இதுதான்: யார் முட்டை கொண்டுவந்தாலும் வாங்கி, மெஷினில் அடை வைத்து, குஞ்சாக்கித் திருப்பிக் கொடுப்பாள். வீட்டின் முன்னறையில் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்த்தார். மாடியில் நாத்தனார் துணி தைத்தாள். பின்னால் இருந்த நீள அறையில், இரண்டு பீரோவைச் சேர்த்து நிறுத்திய உயரத்துக்கு அந்த மெஷின் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் வேறொருவரின் மெஷினுக்குத் தட்டு கழுவியவள் அவள். இது வந்து ஒன்பது வருஷம். அதன் உறுமல் ஒரு நிமிஷம் நின்றால் அவளுக்கு மூச்சு நின்ற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். முதலில் வந்தது நீதிமன்றம் அனுப்பிய கமிஷனரம்மா. சின்ன வயது வக்கீல், தோளில் பை, கையில் காகிதம். பின்னால் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் நாலு நாளைக்கு முன் ஆயிரத்து ஐந்நூறு முட்டை கொண்டுவந்து அடை வைக்கக் கொடுத்த வியாபாரி. இன்னொருவர் அந்த முட்டைகளை அவனுக்கு விற்ற பண்ணைக்காரர். இருவருக்கும் என்ன தகராறு என்று அடைக்கோழிக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் காரணம் விசாரிப்பது வேலையற்றவன் வேலை என்பது அவள் கட்சி. கொடுக்கல் வாங்கலில் ஏதோ இழுபறி என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புத்தான் பின்னால் அவள் கழுத்தை அறுத்தது.

கமிஷனரம்மா உத்தரவைப் படித்தார். மேற்படி பொருட்களை அடுத்த வாய்தா வரை யாரும் இடம் மாற்றவோ, விற்கவோ, கூட்டவோ, குறைக்கவோ, உருமாற்றவோ கூடாது. பொறுப்பாளர் அவற்றை இப்போதிருக்கும் நிலை மாறாமல், நல்ல முறையில் பாதுகாத்து ஒப்படைக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைவு தெரிந்தால் பொறுப்பாளரின் இயந்திரம் முத்திரையிடப்படும். பொறுப்பாளர் என்பது யாரென்று அடைக்கோழி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்புக் கம்பிக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் எழுதிவைத்த வாசகத்தில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி முட்டை என்று போட்டிருக்கிறார்கள். அது எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. படித்தவருக்கும் தெரியவில்லை. கேட்டவளுக்கு மட்டும் தலை சுற்றியது.

"மேடம், முட்டை உள்ள வளந்துக்கிட்டே இருக்கு. நிலை மாறக் கூடாதுன்னா நான் என்ன பண்றது?"

"உத்தரவுல இருக்கிறபடி பண்ணுங்க."

"சூட்டை நிறுத்தினா செத்துடும். நல்ல முறையில பாதுகாக்கணும்னும் போட்டிருக்கு. நிறுத்தலைன்னா மாறிடும். ரெண்டும் ஒரே காகிதத்துல இருக்கே."

கமிஷனரம்மா காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மணிக்கொரு தரம் முட்டைகளைச் சாய்க்கும் மெஷின் தன் வேலையைச் செய்தது. தட்டுகள் கடகடவென்று ஒரு பக்கமாகச் சாய, அவர் இரண்டடி பின்வாங்கி, யார் நகர்த்தியது என்று கேட்டார். அது தானாக நகரும் என்று அடைக்கோழி விளக்கினாள். அதைக் குறித்துக்கொள்ளவா வேண்டாமா என்று அவரே குழம்பி, கடைசியில் 'இயந்திரம் இயங்குகிறது' என்று மட்டும் எழுதினார். எண்ணினார்கள். பத்துத் தட்டு, தட்டுக்கு நூற்றைம்பது. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் நூல் கட்டி, கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அடைக்கோழி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் போன பிறகு கணவர் உத்தரவை வாங்கி, கடிகாரம் பார்க்கும் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். மூன்று தரம் படித்துவிட்டு, எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அர்த்தம்தான் தெரியவில்லை என்றார். நாத்தனார் மாடிப்படியில் நின்றபடியே, முட்டையைக் குஞ்சாகாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே, உன்னையும் என்னையும் வயசாகாமல் வைத்திருக்கச் சொல்லாத வரைக்கும் சரி என்றாள். அடைக்கோழிக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பார்த்துவிடுகிறேன் என்று எழுந்து போய் மெஷினின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாள். தண்ணீர் ஊற்றுவது கூட்டுவதில் சேருமா என்று ஊற்றிய பிறகு யோசித்தாள்.

ஏழாம் நாள் என்று ஒன்று உண்டு. அடை வைத்த ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடும். பிடிக்காதது வெறுமனே வெளிச்சமாக நிற்கும், அது கூமுட்டை. அதை அப்படியே விட்டால் சூட்டில் அழுகி வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் நாசம் பண்ணும். எடுத்துத்தான் ஆக வேண்டும். இருபது வருஷமாக அடைக்கோழியின் கை இதைச் செய்கிறது. அவள் மனசு எங்கே இருந்தாலும் கை தன் பாட்டுக்குச் செய்யும்.

அன்று மனசு அடுத்த வாய்தாவில் இருந்தது. நீதிபதி கேட்டால் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு, மேல் தட்டிலிருந்து கீழ் தட்டுவரை விளக்கடித்துக் கூமுட்டைகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே போனாள். நடுவில் ஏதோ ஒரு சீட்டு மணிக்கட்டில் உரசியது. புறங்கையால் தள்ளிவிட்டு மேலே போனாள். உத்தரவை நினைத்துக்கொண்டேதான் உத்தரவை மீறினாள், பாவம்.

கூமுட்டை தெருவுக்குச் சொந்தம். அது அந்த வீட்டின் வழக்கம். ஒரு வாரச் சூடு பட்டது என்பதால் விற்க முடியாது, ஆனால் அன்றைக்கே பொரித்துத் தின்றால் ஒன்றும் செய்யாது. முட்டை யாருடையதோ அவருக்கு முதலில் ஒரு டஜன், மிச்சம் அக்கம்பக்கத்துக்கு. அன்று மத்தியானம் தன் முட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க வியாபாரி வந்தான். நாத்தனார் ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். உட்கார்ந்து ரசித்துத் தின்றான். கிளம்பும்போது பையில் ஒரு டஜனையும் வாங்கிக்கொண்டு, "என் முட்டை எனக்கே திரும்பி வருது பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போனான். மிச்சத்தில் பேக்கரிக்காரருக்கு மூன்று டஜன், சலூன்காரருக்கு ஒரு டஜன், எதிர்வீட்டுக்கு, மாடிக்கு என்று நாத்தனார் வள்ளல் மாதிரி அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

சாப்பிடும்போது கணவர் ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தி, இது யார் வைத்த முட்டை என்று சும்மா கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த அடைக்கோழி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மணிக்கட்டில் உரசிய சீட்டு இப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடிப்போய் மெஷினைத் திறந்து எண்ணினாள். தொண்ணூற்றாறு குறைந்தது. திரும்பி வந்தபோது கணவர் அந்தத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்து, மிச்சமிருந்ததையும் சேர்த்து மறுபடி முட்டையாக ஒட்டவைக்க முடியுமா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாட்சிப் பொருளைத் தின்னுட்டமா?" என்றார்.

மறுநாள் காலை கமிஷனரம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். அவர் வேறொரு வழக்குக்குப் போயிருந்தார். காத்திருந்தாள். குமாஸ்தா இரண்டு தரம் வந்து, என்னவென்று சொன்னால் குறித்துவைக்கிறேன் என்றார். மூன்றாம் தரம் அவளே வாயைத் திறந்தாள். தெரிந்தவர்கள் வீட்டில் கோர்ட்டுப் பொருள் இருக்கிறது, எண்ணிக்கையில் கொஞ்சம் குறைந்துவிட்டது, என்ன ஆகும் என்று கேட்டாள்.

"தெரிஞ்சவங்கன்னா?"

"தூரத்துச் சொந்தம்."

"தூரத்துச் சொந்தத்தை உள்ள தூக்கி வெப்பாங்க. மெஷினு, கடை எல்லாத்துக்கும் சீல். கோர்ட்டு பொருள்மா, விளையாட்டா?"

கமிஷனரம்மா வருவதற்குள் அவள் தெருவில் பாதி தூரம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வியாபாரி முட்டை வைத்த அதே நாள் அவளும் தன் சொந்த முட்டை முந்நூறு வைத்திருந்தாள். அதே வயசு, அதே பழுப்பு ஓடு. அதிலிருந்து உயிர் பிடித்ததாகப் பார்த்துத் தொண்ணூற்றாறு எடுத்துக் குறைந்த குழிகளில் வைத்துவிட்டால்? யாருக்கு நஷ்டம்? அவளுக்குத்தான். தன் பொருளைக் கொடுத்துப் பிறத்தியார் பொருளைச் சரிக்கட்டுவது எந்த ஊரில் திருட்டு? ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கணவர் கூட நின்று வாய்விட்டு எண்ணினார். ஆயிரத்து ஐந்நூறு. நிலை மாறவில்லை. முட்டைத் தொழிலில் இருப்பவளுக்கு முட்டை என்றால் எண்ணிக்கையும் அடை வைத்த நாளும்தான். உள்ளே இருப்பது என்ன நிறம் என்பது வாங்குகிறவன் கவலை. அதனால் அது அவள் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பயத்தில் புதிதாக யார் முட்டையும் வாங்கவில்லை. வந்தவர்களிடம் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பெரிய மெஷினிலிருந்து எடுத்துப் பொரிக்கும் பெட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் இடமாற்றம், உத்தரவு கூடாது என்கிறது. மாற்றாவிட்டால் பொரிக்கும் குஞ்சு தட்டுக்குள் நசுங்கிச் சாகும். கமிஷனரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் வந்தார், பெட்டியைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாய்தாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதுவரை பொரிக்காமல் தள்ளிப்போட வழி உண்டா என்று கேட்டார். நிறைமாதக்காரியிடம் அடுத்த மாதம் பெற்றுக்கொள்கிறாயா என்று கேட்பது போல இருந்தது. அடைக்கோழி பொரிக்கும் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தாள். சரி, என் முன்னிலையில் மாற்றுங்கள் என்று சீட்டுகளை அறுத்தார். தட்டுத் தட்டாக எண்ணிப் பெட்டிக் கூடைகளில் கொட்டினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து உருண்டன.

"ஒண்ணுகூடக் குறையல. இவ்வளவு பொறுப்பா யாரும் வெச்சிருந்து நான் பாத்ததில்ல" என்றார் கமிஷனரம்மா. அந்தப் பாராட்டை அடைக்கோழி தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அடக்கம் என்று அவர் நினைத்திருப்பார்.

பத்தொன்பதாம் நாள் காலை பண்ணைக்காரர் தனியாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் தீவனத் தூசி. உள்ளே வரலாமா என்று வாசலிலேயே கேட்டார். பொரிக்கும் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அவருடையது கறுப்பு ஜாதிக் கோழி மட்டும் வளர்க்கும் பண்ணை. இருபத்தாறு வருஷமாக வேறு ஒரு சேவலைக்கூட உள்ளே விட்டதில்லை. கறுப்பு என்று சொல்லி மஞ்சள் ஜாதி முட்டையைக் கலந்து ஏமாற்றிவிட்டார் என்று வியாபாரி கிளப்பிவிட்டிருக்கிறான். முட்டையைத் திருப்பி எடுத்துக்கொள் என்கிறான். எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால்தான் இவரே கோர்ட்டுக்குப் போய், பொரிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று தடை வாங்கியிருக்கிறார்.

"நான் எழுதியே குடுத்துட்டேன் தங்கச்சி. பொரிச்சதுல ஒண்ணே ஒண்ணு மஞ்சளா இருந்தாலும் பண்ணையை மூடிடறேன்னு. நாளை மறுநாள் தெரிஞ்சுடும்ல. உங்க கையில இருக்குன்னுதான் நான் நிம்மதியா தூங்கறேன்."

அடைக்கோழியின் சொந்த முட்டைகள் மஞ்சள் ஜாதி.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மெஷின் போகும், பதினோரு வருஷமும் ஒன்பது வருஷமும் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் போவான். அவள் திருதிருவென்று முழித்துக்கொண்டு, உட்காருங்கண்ணே, ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் தங்கச்சி என்று சொல்லி அவர் போய்விட்டார்.

இரண்டு நாளும் வீடு பட்டிமன்றமாக இருந்தது. விடிந்ததும் கமிஷனர் வருவதற்குள் மஞ்சளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடு, கடையில் முட்டை வாங்கி அந்த இடத்தில் வைத்து, பொரிக்காதவை என்று காட்டிவிடலாம் என்றார் கணவர். நாத்தனாரோ ஒன்றும் செய்யாதே, வாயை மூடிக்கொண்டிரு, அவன் பண்ணை அவன் பாடு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, ஆனாலும் அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றாள். அடைக்கோழிக்கு இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது, இருவர் சொல்வதும் அருவருப்பாகவும் இருந்தது. உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு நல்ல முறையில், நல்ல முறையில் என்று அந்த ஒரே வரியைப் பார்த்தாள். யாருக்கு நல்ல முறை என்று அதில் இல்லை.

இருபத்தொன்றாம் நாள் விடிந்ததும் பெட்டியைத் திறந்தாள். கீச்சொலி முகத்தில் அடித்தது. கூடை முழுக்கக் கறுப்பு, ஈரம் காய்ந்து பஞ்சாக உப்பிக்கொண்டிருந்தது. நடுநடுவே மஞ்சள். குருடனுக்குக்கூடத் தெரியும் மஞ்சள். கணவர் வெறும் கூடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஒன்றை எடுத்துப் போட்டாள். இன்னொன்று. ஏழாவது குஞ்சைக் கையில் எடுத்தபோது அது அவள் விரலைக் கொத்தியது. வலிக்கக்கூட இல்லை. ஆனால் கை நின்றுவிட்டது. இதுவரை கை தன் பாட்டுக்குச் செய்ததற்குத்தான் இந்தப் பாடு. இந்தத் தடவை செய்வது கை இல்லை, அவள். ஏழையும் எடுத்துத் திரும்பப் பெட்டியில் விட்டாள். கணவர் வெறும் கூடையை மூலையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

பத்து மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அடைக்கோழி பெட்டியைத் திறந்தாள். வியாபாரி முதலில் பார்த்தான், முகம் மலர்ந்தது. பண்ணைக்காரர் பார்த்தார். பேயறைந்த மாதிரி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு மஞ்சள் குஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் எங்காவது கறுப்பு இருக்கும் என்று தேடுகிறார் போல. அதைப் பார்த்ததும் அடைக்கோழிக்கு அழுகை வந்துவிட்டது.

"மஞ்சளெல்லாம் என்னோடது" என்றாள்.

சொல்ல வந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஏழாம் நாள், விளக்கு, சீட்டு, ஆம்லெட், குமாஸ்தா, தூரத்துச் சொந்தம் என்று முன்னதும் பின்னதுமாகக் கொட்டினாள். கமிஷனரம்மா இரண்டு தரம் அடித்து அடித்து எழுதினார். வியாபாரி பாய்ந்து வந்தான். இது பண்ணைக்காரர் செய்த ஏற்பாடு, இந்தப் பெண் அவருக்காகப் பொய் சொல்கிறாள், முட்டையை எடுத்ததை யார் பார்த்தது, எடுத்த முட்டை எங்கே, ஒன்றையாவது காட்டட்டும் என்றான்.

எடுத்த முட்டை எங்கே என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடைக்கோழி கணவரைப் பார்த்தாள். கணவர் தங்கையைப் பார்த்தார். சத்தம் கேட்டு இறங்கி வந்து படியில் நின்ற நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வியாபாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் போட்டுக் குடுத்த ஆம்லெட்டு எந்த முட்டைன்னு நெனச்சீங்க? பையில ஒரு டஜன் கொண்டு போனீங்களே, என் முட்டை எனக்கே திரும்பி வருதுன்னு சொல்லிட்டு. நீங்களே சொன்னதுதானே?"

அது வேறு முட்டை என்றான் வியாபாரி. வேறு யார் முட்டையையோ உங்களுக்கு ஏன் கொடுப்போம், உடையவருக்கு முதல் டஜன் என்று ஒவ்வொரு முறையும் வாங்கிப் போகிறவர்தானே என்றாள் நாத்தனார். கமிஷனரம்மா பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். நீதிமன்றப் பொருளை நீங்களும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாலும் கூமுட்டை எடுத்தது பொய்யாகாது, பேக்கரிக்காரரும் சலூன்காரரும் இருக்கிறார்கள். ஆமாம் என்றால் தடையை மீறியதில் அவனும் பங்காளி. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ருசி பார்த்ததுதான் என்றான்.

பிறகு எண்ணினார்கள். அடைக்கோழி கை வைக்க மாட்டேன் என்று தள்ளி நின்றாள், கமிஷனரம்மாவே எண்ணினார். மஞ்சள் தொண்ணூற்றாறுக்கு மேல் ஒன்று வந்தாலும் பண்ணைக்காரரின் கதை முடிந்தது. எண்பதைத் தாண்டும்போது அறையில் குஞ்சுகளைத் தவிர யாரும் மூச்சுவிடவில்லை. எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. இன்னொரு தரம் கிளறித் தேடினார். எண்பத்தெட்டோடு முடிந்தது. அடைக்கோழியின் சொந்தக் கணக்கில், எடுத்து வைத்த கூமுட்டையையும் சேர்த்து, முந்நூறுக்குப் பதில் இருநூற்று நாலுதான் இருந்தது, அதில் பொரித்ததெல்லாம் மஞ்சள். கறுப்பு ஆயிரத்து இருநூற்று எண்பத்தேழு. உத்தரவில் போட்டிருந்த முட்டை என்ற பொருள் இப்போது எங்கே என்று எழுதுவது என கமிஷனரம்மா நெடுநேரம் யோசித்து, 'பொருள் நடமாடுகிறது' என்று எழுதி, அதையும் அடித்தார்.

அப்புறம் பையிலிருந்து அரக்கும் நூலும் எடுத்தார். எனக்கு வேறு வழியில்லைம்மா என்றார். அடைக்கோழி தலையாட்டினாள். பெரிய மெஷினில் வேறொருவருடைய முட்டைகள் இரண்டு தட்டு பாக்கி இருந்தன. அவற்றைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு, பதினோரு வருஷம் தட்டு கழுவிய அந்தப் பழைய இடத்துக்கே நடந்து போய், இதை உங்கள் மெஷினில் வைத்துக்கொடுங்கள் என்று கேட்டு வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கணவர் சுவிட்சை அணைத்திருந்தார். கதவின் குறுக்கே நூலும் அரக்கும். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் மெஷின் சத்தம் இல்லை. பெட்டியில் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவை வாய்தா வரை அவள் பொறுப்பிலேயே இருக்க வேண்டுமாம், வைத்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் மறுபடியும் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நிலை மாறாமல் என்ற வார்த்தை இதிலும் இருந்தது.

எல்லோரும் போன பிறகும் பண்ணைக்காரர் போகவில்லை. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை.

"முந்தாநேத்து நான் இங்கதான் நின்னேன். அப்ப ஏன் சொல்லல நீங்க?"

தங்கச்சி என்று கூப்பிடவில்லை. அடைக்கோழிக்கு அது சுருக்கென்றது.

"மெஷின் போயிடுமேன்னு பயந்தேன் அண்ணே."

அவர் திரும்பி அரக்கு வைத்த கதவைப் பார்த்தார்.

"போயிடுச்சே."

"ஆமா" என்றாள்.

பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இதுகளுக்குத் தண்ணி வைக்கிற தட்டு எங்கே இருக்கு என்று கேட்டார்.